பழைய ஏர் பிஸ்டலை வாங்கலாமா?

எங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தமது ஸ்டேயர் எல்பி10 ஏர் பிஸ்டலை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். சிங்கப்பூரில் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துச் சென்று சாவகாசமாகச் சோதிக்க முடியாது என்பதால், வார இறுதிகளில் மன்றத்திலேயே வைத்துப் பார்த்து வருகிறேன்.

போன சனிக்கிழமை அதன் காற்று உருளையை 200 பார் அழுத்தத்திற்கு நிரப்பினோம். மறுநாள் உருளையின் அழுத்தமானி 150 காட்டியது. கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தை மாற்றியும், காற்று உருளையைத் தனியாகக் கழற்றி வைத்தும் கசிவு நிற்கவில்லை; சோப்புநீர் தடவியபோது மானியின் விளிம்பில் கடுகளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. அலுமினிய உருளையில் 2012 என்று பொறித்திருப்பதை, என் அசட்டையால், அதன் பிறகே கவனித்தேன். அதன் 10 ஆண்டு ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. இனி அதை நிரப்பப்போவதில்லை.

புதிய உருளை மட்டும் பொருத்தினால் பாதுகாப்பாகச் சுடலாமா, அல்லது உள்ளிருக்கும், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் பிரித்துச் சோதிக்க வேண்டுமா?