மறு: வால்வு ஃபிங்கரிங்: விரலடைவா, விரல்கூட்டா?

> டிரம்பெட், கார்னெட் என்ற பித்தளை ஊதுகருவிகளின் பயிற்சி ஏட்டில் 'வால்வு ஃபிங்கரிங்' (எந்தச் சுரத்துக்கு எந்த வால்வுகளை அழுத்துவது என்பது) வருமிடமெல்லாம் 'அடைப்பிதழ் விரலடைவு' என்று போடலாமா?

ஐயா, வணக்கம்.

'அடைப்பிதழ்' இதயத்துக்குப் பொருந்தும். டிரம்பெட்டில் எதுவும் அடைபடுவதில்லை. வால்வை அழுத்தினால் காற்று ஒரு கிளைக்குழாயையும் சுற்றி வருகிறது. மொத்த நீளம் கூடி, சுரம் இறங்குகிறது. 'கட்டை'யும் வேண்டாம். "ஐந்து கட்டையில் பாடுகிறார்" என்று அது சுருதிக்குப் போய்விட்டது. வால்வு வால்வாகவே இருக்கட்டும்.

'விரலடைவு' புல்லாங்குழலுக்கான சொல். அங்கேதான் துளையை மூடுகிறோம். இங்கே நடப்பது கூட்டல். 2ஆம் வால்வு அரைச்சுரம் இறக்கும், 1 முழுச்சுரம், 3 ஒன்றரை. 1-3 சேர்ந்தால் இரண்டரை. ஆகவே 'விரல்கூட்டு' என்பேன். 1-2க்குப் பதில் 3 மட்டும் அழுத்துவதை 'மாற்றுக் கூட்டு' எனலாம்.

---

> இங்கே நடப்பது கூட்டல்

சொல் பிடித்திருக்கிறது, ஆனால் கூட்டல் கணக்குத்தான் உதைக்கிறது. பி ஃபிளாட் டிரம்பெட்டின் குழாய் சுமார் 148 செ.மீ. முதல் வால்வு ஏறத்தாழ 18 செ.மீ. சேர்க்கும், மூன்றாவது 28. ஆக 46. இரண்டரைச் சுரம் இறங்கவோ 49.5 வேண்டும். குறைவது மூன்றரை செ.மீ.; அதனால்தான் 1-3இல் வரும், நடு சி-யை அடுத்த டி உயர்ந்து ஒலிக்கிறது. 1-2-3இல் வரும் சி ஷார்ப் இன்னும் மோசம்: ஆறு செ.மீ.க்கு மேல் துண்டு விழும். உதட்டைத் தளர்த்திச் சமாளிப்பவர்களுக்கு ஒலி சோர்ந்துவிடும். மூன்றாம் வால்வின் இழுகுழாயை மோதிர விரலால் தள்ளுவதே வழி. காற்று போகவும் வரவும் இரு கால்கள் இருப்பதால் டி-க்கு 1.7 செ.மீ. போதும், சி ஷார்ப்புக்கு அதைப்போல் இருமடங்கு.

இன்னொன்று: எந்த வால்வையும் அழுத்தாமலே சி, ஜி, மேல் சி, இ எல்லாம் வரும், எது என்பதை உதடும் மூச்சும் தீர்மானிக்கும். அதைக் 'கூட்டு' என்பது பொருந்தாது. அட்டவணையில் 0 என்று போட்டு 'திறந்த நிலை' எனலாம்.

---

ஒப்புக்கொள்கிறேன். 'ஃபிங்கரிங்'குக்கு 'விரல்கூட்டு', 0க்குத் 'திறந்த நிலை'. கார்னெட்டுக்கும் அதே நீளம்தான், அதே அட்டவணை போதும். டி, சி ஷார்ப் வரிகளில் மட்டும் எண்களுக்குப் பக்கத்தில் 'இழு' என்று சேர்த்துவிடுங்கள்.