புதுப்பிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புது பைக், கசியும் ஃபோர்க் சீல்

டெலிவரிக்கு முன்பே இடது ஃபோர்க் சீல் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாயில் எண்ணெய் வெளியேறாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்த புது பைக்கை எடுக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முடிவு: சரிசெய்த பிறகே கையெழுத்து.

குழாயைத் துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்து வண்டியின் முன்பக்கத்தைப் பத்து முறை அமுக்கினால் மறுபடி எண்ணெய் வளையம். தூசிதான் காரணம் என்றால் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டை விட்டு வழித்தாலே நின்றிருக்கும். குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டினால் புது சீலும் கிழியும். இதில் வழுவழுதான். இரு பக்கமும் சீல், ஆயில் மாற்றியாயிற்று. எண்ணெய் குடித்த பிரேக் பேடைக் கழுவித் தருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். ஆகாது, புது ஜோடிதான்.

தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008, பிரிவு 56-இன்படி, பழுதுபார்த்த 3 மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால் மாற்றுவண்டி அல்லது பணம். அதனால் இந்தப் பழுதுபார்ப்பை ஜாப் கார்டில் (பணிமனையின் வேலைச் சீட்டு) தேதியோடு எழுதி வாங்கியாயிற்று.