வாய்ப்புன்னு நம்பி இறங்கினது, நல்லவேளை இறங்காம விட்டது – உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோபி செக்குக்காரன்:

மாமா பையன் போன வாரம் கையில ஒரு கலர் நோட்டீஸோட வீட்டுக்கு வந்தான். பாக்குமட்டைத் தட்டு மெஷின். மட்டையும் மெஷின் கம்பெனிக்காரங்களே தருவாங்களாம், அடிச்ச தட்டையும் அவங்களே திருப்பி எடுத்துக்குவாங்களாம். "உக்காந்த இடத்துல மாசம் நாப்பதாயிரம் மச்சான்" என்கிறான். வேண்டாம்னு சொன்னா வயித்தெரிச்சல்னு நினைப்பான். அதான் அவன் படிக்கட்டும்னு இங்கே எழுதறேன். உங்க கதையையும் போடுங்க.

எங்க வீட்டுக்கு "திருப்பி எடுத்துக்கறோம்" என்ற வார்த்தை புதுசில்லை. 2012-க்கு முந்தி ஈரோட்டுப் பக்கம் திரும்பின திசையெல்லாம் ஈமுக் கோழிப் பண்ணை. அப்பா ஒன்றரை லட்சம் கட்டினார். குஞ்சு, கம்பிவேலி, தீவனம் எல்லாம் கம்பெனிச் செலவு, வளர்க்கிற கூலி மாசாமாசம் வரும். முதல் சில மாசம் தேதி தவறாம வந்தது. வினையே அதுதான், அதைப் பார்த்துத்தான் பெரியப்பாவும் கட்டினார். ராத்திரியில அந்தப் பொட்டைப் பறவை தொண்டைக்குள்ளேயே தவில் தட்டுற மாதிரி ஒரு சத்தம் போடும், எனக்கு இன்னும் காதுல இருக்கு. 2012 ஆகஸ்டுல எல்லாம் கவிழ்ந்தது. கம்பெனி ஆளுங்க ஓடிட்டாங்க, தீவனம் நின்னுபோச்சு, பல பண்ணைகள்ல பறவைங்க பட்டினி கிடந்து கடைசியில அரசாங்கம் தீவனம் போட்டது. பணம் கட்டி ஏமாந்தவங்க வழக்கை விசாரிக்கிற கோவை டான்பிட் கோர்ட்டுக்குப் போய்வந்த பஸ் காசை அப்பா தனியா ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தார்.

அவ்வளவு பேர் பணம் போட்டோம், ஒருத்தராவது ஈமுக் கறி தின்னிருக்கோமா? எங்க ஊர்க் கறிக்கடையில அது தொங்கி நான் பார்த்ததில்லை. கடைசியா காசு கொடுத்து வாங்கித் தின்கிற மனுஷன் யாருன்னு அப்பா கேட்கலை, நானும் கேட்கலை. அடுத்துச் சேருகிறவன் கட்டின பணம்தான் எங்களுக்குக் கூலியா வந்துட்டிருந்தது.

செக்கு போட்டது அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு. அதுக்கு நோட்டீஸ் எதுவும் வரலை. எங்க வீதியிலேயே மூணு வீட்டுக்காரங்க கடலைப்பருப்பை மூட்டை கட்டிப் பஸ்ல ஏத்தி, அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்க் கூலிக்கு ஆட்டிட்டு வந்தாங்க. கடையில பாக்கெட் எண்ணெய் விலை குறைவா இருக்கும்போதே இந்தப் பாடு படறாங்க பாருங்க, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தச் செக்குக்காரர்கிட்ட பத்து நாள் சம்பளமில்லாம நின்னேன். அவர் சொன்ன கணக்கும் தராசு சொன்ன கணக்கும் ஒண்ணா இல்லை. லிட்டருக்கு ரெண்டு கிலோ பருப்பு போதும்னு சொன்னார். நான் நிறுத்துப் பார்த்ததுல 2¼-க்குக் குறைஞ்சு ஒரு நாளும் இல்லை, ஈரம் இருந்தா 2½. அந்தக் கால் கிலோவுலதான் லாபம் முழுக்க ஒளிஞ்சிருக்கு. எண்ணெய் வித்த காசு பருப்புக்கும் கூலிக்கும் கரண்டுக்கும் போயிரும். வீட்டுக்கு வர்றது புண்ணாக்குக் காசு. நூறு கிலோ ஆட்டினா அம்பத்தஞ்சு கிலோவுக்குக் குறையாம நிக்கும், மாட்டுக்காரங்க காலையிலேயே வந்து நிப்பாங்க.

இன்னொண்ணு. 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் ஒண்ணில்லை. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான், அப்படின்னா 15 லிட்டர்ங்கிறது 13.65 கிலோ. முதல் வருஷம் ஓட்டல்காரர் ஒருத்தருக்குக் கிலோ டின்னை லிட்டர் விலைக்குப் போட்டுக் கொடுத்துட்டே இருந்தேன். அவர் எவ்வளவு மரியாதையா டீ வாங்கிக் கொடுப்பார் தெரியுமா!

சாத்தூர் அக்கா:

தம்பி, உன் மச்சானை நானும் பார்த்த மாதிரியே இருக்கு. 2018-ல நானே அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருஷம் ஜூன் 5-ம் தேதி, பிளாஸ்டிக்குக்குத் தடைன்னு சட்டசபையில அறிவிச்சாங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து அமல். டீக்கடைக்காரங்க எல்லாம் பிளாஸ்டிக் கப்பை விட்டுட்டுப் பேப்பர் கப்புக்குத்தானே வரணும்? ஊரே வாங்கப்போகுதுன்னு கணக்குப் போட்டு ஆகஸ்டுல மெஷின் இறக்கிட்டேன். மெஷின் வித்தவர் "இயற்கைக்கு உகந்ததுக்கா" என்று சத்தியம் செய்தார்.

பேப்பர் கப்புக்குள்ள மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அது இல்லாட்டி டீ ஊத்தின கொஞ்ச நேரத்துல கப்பு ஊறிப்போகும். ஜூன் மாசமே வந்த அரசாணையில தடை செஞ்ச 14 பொருள் வரிசையா இருந்தது. அதுல பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் ஒண்ணு.  நான் படிச்சது பேப்பர்ல வந்த தலைப்பை மட்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-லயும் பேப்பர் கப்புக்கு விடிவு வரலை.

மானியம் இருக்கேன்னு கேப்பீங்க. பி.எம்.இ.ஜி.பி.ங்கிற மத்திய அரசுத் தொழில்கடன் திட்டத்துல கிராமத்துப் பொம்பளைக்கு 35 சதவீதம், நம்ம கைக்காசு 5 சதவீதம் போட்டா போதும். கேட்க எவ்வளவு இனிப்பா இருக்கு! ஆனா அந்த மானியம் நம்ம கைக்கு வராது. பேங்கிலேயே மூணு வருஷம் டெபாசிட்டா கிடக்கும், யூனிட் ஓடுதான்னு வந்து பார்த்த பிறகுதான் கடன்ல கழிப்பாங்க. மானியம் வருதேன்னு தொழில் தேடினேன் நான். மாத்திச் செஞ்சிருக்கணும்.

உன் மச்சானுக்கு ஒண்ணு சொல்றேன். ஏற்கெனவே அந்த மெஷினை வாங்கி ஓட்டுறவங்க ரெண்டு பேர் விலாசம் கேக்கச் சொல்லு. போனதும் மெஷினைப் பார்க்க வேண்டாம், அது நல்லாத்தான் ஓடும், நம்மளைக் கண்டதும் ஓட்டுவாங்க. கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லணும். 2 எச்.பி. மோட்டார் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரம், மாசம் 25 நாள்னா மோட்டாருக்கு மட்டுமே 300 யூனிட், ஹீட்டர் தனி. பில்லு பொய் சொல்லாது.

கணபதி வேஸ்ட் துணி:

நான் பன்னிரண்டு வருஷம் லேத்தில் நின்றவன். கோவை. தொழில் தேடிப் போகவில்லை, தினமும் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியிலேயே இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கத் திருப்பூர் வேஸ்ட் துணி மூட்டையாக வரும். பாதித் துணி எண்ணெயைக் குடிக்காது, தள்ளிவிடும். நைலான், பாலியஸ்டர் கலந்தது. சில துண்டில் ஜிப்பு, பட்டன் அப்படியே இருக்கும், கிரைண்டிங் முடித்த ஷாஃப்டில் ஒரு இழுப்பு இழுத்தால் கோடு விழுந்துவிடும். அந்த ஒரு பீஸுக்குப் போகும் காசில் பத்து மூட்டைத் துணி வாங்கலாம். சூப்பர்வைசர் திட்டுவார், அடுத்த மாதமும் அதே மூட்டை வரும். எல்லாரும் புலம்புகிறார்கள், ஆனால் யாரும் வேறு இடத்தில் வாங்கவில்லை. அது ஏன் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. வேறு இடமே இல்லை.

50 கிலோ மட்டும் வாங்கி வந்து வீட்டில் நானும் அம்மாவும் பிரித்தோம். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசம், பொலபொலவென்று சாம்பல். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டுகொள்ளும். காட்டனை மட்டும் சதுரமாக வெட்டி, பட்டன் நீக்கி, மூன்று ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன், இலவசமாக இல்லை, பழைய விலையைவிடக் கூடுதலாக. இரண்டு பேர் அடுத்த வாரமே போன் செய்தார்கள். அதற்கப்புறம்தான் வேலையை விட்டேன்.

இது வெற்றிக் கதை இல்லை, இன்னும் சொல்லி முடிக்கவில்லை. பொருள் ஓடுமா என்று பார்த்தேன், பணம் எப்போது வரும் என்று பார்க்கவில்லை. திருப்பூரில் ரொக்கம், கோவையில் 90 நாள் கடன். சரக்கு போகப்போக என் பணம் கரைந்தது. ஆர்டர் கூடின மாதம்தான் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. பெரிய கம்பெனி ஒன்று நான்கு மாதம் இழுத்தடித்தது. இப்போது பெரிய கம்பெனிக்குக் கொடுப்பதில்லை, வாராவாரம் காசு தரும் சின்னப் பட்டறைகள் மட்டும். வியாபாரம் பாதியானது, தூக்கம் வருகிறது.

கம்பம் பெரியவர்:

வெனிலாவைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை. இளையவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

2000-ஆம் ஆண்டு மடகாஸ்கரில் புயல் அடித்தது. உலகத்து வெனிலாவில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் புயல் எங்கள் குமுளிமலை வரை வந்து சேர மூன்று வருடம் ஆயிற்று. 2003-ல் இடுக்கியில் பச்சைக் காய் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. காய்க்குக் காவலாக ராத்திரியில் நாய் கட்டிப் படுத்துக் கிடந்தார்கள். நானும் ஏலக்காய்ச் செடிகளுக்கு நடுவே வெனிலாக் கொடி வைத்தேன்.

கொடி பூக்க மூன்று வருடம். பூ ஒரு நாள் காலையில் மட்டும் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் ஈர்க்குச்சியால் நடுவிலிருக்கும் மெல்லிய சவ்வை விலக்கி, மகரந்தத்தை விரலால் அமுக்கிவிட வேண்டும். நம் நாட்டில் அதைச் செய்யும் வண்டு கிடையாது. என் மனைவிக்கு அது நன்றாகக் கைவந்தது. விடிந்து பத்து மணிக்குள் நூறு நூற்றைம்பது பூ முடிப்பாள். காய் முற்ற இன்னும் ஒன்பது மாதம்.

எங்கள் காய் முற்றிய வருடம் கிலோ நூறு ரூபாய்க்குக் கீழே கிடந்தது, அதற்கும் வாங்க ஆளில்லை. மடகாஸ்கர்க்காரன் மறுபடி நட்டுவிட்டான், இங்கே கேரளா, கர்நாடகா முழுக்க நட்டுவிட்டார்கள், ஐஸ்கிரீம்காரன் செயற்கை எசன்ஸுக்குப் போய்விட்டான். விலையைப் பார்த்து நட்டேன். நான் விற்கும் நாளில் விலை என்னவாக இருக்கும் என்று பார்த்திருக்க வேண்டும். ஏலக்காய் காப்பாற்றியது. கொடியைப் பிடுங்க மனமில்லாமல் என் மனைவி ஒன்றை மட்டும் வாசலில் விட்டு வைத்திருந்தாள்.

திருப்பாதிரிப்புலியூர் மாவு:

எல்லாரும் இப்படியே கணக்குப் போட்டுட்டு இருந்தா யாரு தொழில் ஆரம்பிக்கிறதாம்? எங்க கடலூர்ல சிக் ஷாம்பு சி.கே.ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாய் வச்சு ஷாம்பு பாக்கெட்டுல இறங்கினவர். கிராமத்துக்குப் போய்ப் பசங்க தலையில ஷாம்பு போட்டுக் காட்டினாங்க, காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தா புதுசு கொடுத்தாங்க. அதையும் அன்னிக்கு ஒருத்தர் "சீயக்காய் இருக்கிற ஊர்ல இது போகுமா"ன்னு கேட்டிருப்பார்ல?

(சரி, காலிப் பாக்கெட்டை எண்ணினதும் ஒரு கணக்குதான். யார் போட்டுக் குளிச்சாங்கன்னு அதுல தெரிஞ்சுடும். நானே எனக்கு எதிரா வாதாடுறேன்.)

நான் செஞ்சது சின்னது. இட்லி மாவு. இருந்த கிரைண்டர், ரேஷன் இல்லாத நல்ல இட்லி அரிசி நாலுக்கு ஒண்ணு உளுந்து, வாசல்ல ஒரு பலகை. முதல் ஞாயித்துக்கிழமை பன்னெண்டு கிலோ ஒரு மணி நேரத்துல காலி. வீட்டுக்காரர் அன்னிக்கே பெரிய கிரைண்டர் விலை விசாரிச்சுட்டார். நான் விடலை. ஞாயித்துக்கிழமை மாவு எல்லாருக்கும்தான் வேணும். செவ்வாய்க்கிழமை யாரு வர்றாங்கன்னு பார்ப்போம்னு சொன்னேன். வந்தது நாலே பேர், அந்த நாலு பேரும் வேலைக்குப் போற பொம்பளைங்க. அவங்களைக் கேட்டேன். அவங்களுக்கு வேண்டியது ஞாயித்துக்கிழமை மாவு இல்ல, சாயங்காலம் ஆறரைக்கு மேல பஸ் ஸ்டாண்டுல இருந்து வர்ற வழியில புளிக்காத மாவு. பலகையைச் சாயங்காலத்துக்கு மாத்தி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொண்டுபோனேன்.

அப்புறம் சித்திரை வெயில் வந்தது. காலையில ஆட்டினது மத்தியானமே பொங்கி மூடியைத் தள்ளுது. ஒரே வாரத்துல முப்பது கிலோ வாய்க்கால்ல ஊத்தினேன். இப்ப வெயில் காலத்துல ரெண்டு தடவை ஆட்டறேன். பெரிய கிரைண்டர் மூணாவது வருஷம் வந்தது.

கோபி செக்குக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. சாத்தூர் அக்கா சொன்னதை அப்படியே செஞ்சோம். மச்சான் விலாசம் கேட்டதும் ஒரு வாரம் "சார் மீட்டிங்ல இருக்கார்"னே போச்சு. அப்புறம் ஒரே ஒரு விலாசம் வந்தது. நேத்து ஞாயிறு ரெண்டு பேரும் வண்டியில போனோம்.

தகரக் கொட்டகை. நாங்க போனதும் மெஷினைப் போட்டு ஆறு தட்டு அடிச்சுக் காட்டினார், அருமையா வந்தது. ஓரத்துல மட்டைக் கட்டு அடுக்கியிருந்தது. மேல் கட்டைத் தொட்டேன், விரல் தடம் பதிஞ்சுது, அவ்வளவு தூசி. மச்சான் மெதுவா, "அண்ணா, கரண்ட் பில் எவ்வளவுங்க வரும்?" என்று கேட்டான். நல்ல மனுஷன், மறைக்கலை, செல்போன்ல எடுத்தே காட்டிட்டார். போன பில்லு 86 யூனிட்.

வர்ற வழியெல்லாம் மச்சான் பேசலை. கோபி வந்து டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தான். "மச்சான், அந்த அண்ணன் வாசல்ல நின்னுட்டு ஒண்ணு கேட்டார் பார்த்தியா?"

"என்ன கேட்டார்?"

"நான் வாங்கறதா இருந்தா கம்பெனிக்குப் போக வேண்டாமாம். அவர் மெஷினையே பாதி விலைக்குத் தர்றாராம்."