நாஃபியான் படலம் வார்த்தால் நொறுங்குகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். நீரும் ஆல்கஹாலும் கலந்த 5 சதவீத நாஃபியான் (புரோட்டான் கடத்தும் ஃப்ளூரின் பாலிமர்) கரைசலைப் பெட்ரி தட்டில் ஊற்றி, ஓவனில் 60 டிகிரி செல்சியஸில் உலர்த்துகிறேன். காயும்போதே வறண்ட ஏரிப் படுகை மாதிரி வெடித்துவிடுகிறது. இடுக்கியால் விளிம்பைத் தூக்கினால் சில்லுசில்லாக உடைகிறது. உடைந்த துண்டு எத்தனால் கலந்த தண்ணீரில் கரைந்தே போகிறது. விலைக்கு வாங்கிய நாஃபியான் 117 தாளை எப்படி மடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. இரண்டும் ஒரே பாலிமர்தானே? தடிமனாக ஊற்றினால் விரிசல் இன்னும் கூடுகிறது.

பதில் 1:
பாலிமர் ஒன்றுதான், சங்கிலிகள் அடுக்கிக்கொண்ட விதம்தான் வேறு. 60 டிகிரியில் ஆல்கஹால் சட்டென்று போய்விடுகிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவும், ஃப்ளூரோகார்பன் பகுதிகள் படிகமாகவும் அவகாசமே இல்லை. அந்தப் படிகங்கள்தான் படலத்தைக் கரையாமல் பிடித்து வைப்பவை. டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) போல அதிகக் கொதிநிலை உள்ள கரைப்பானைச் சேர்த்து, 160-180 டிகிரியில் மெதுவாகப் போகவிடுங்கள். அதுவரை கரைப்பான் சங்கிலிகளை அசையவைத்துக்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அமில வடிவிலேயே அவ்வளவு சூடு தரலாமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம். அமிலத்தோடு டிஎம்எஸ்ஓவைச் சூடாக்குவது ஆபத்து. முதலில் சோடியம் வடிவுக்கு, அதாவது அமிலத் தொகுதிகளில் ஹைட்ரஜன் அயனிக்குப் பதில் சோடியம் அயனி இருக்கும்படி, மாற்றுங்கள். சமான எடை (ஒரு மோல் அமிலத் தொகுதிக்கு உள்ள பாலிமரின் கிராம் எடை) 1100 என்றால், 100 கிராம் கரைசலில் உள்ள 5 கிராம் பாலிமருக்குச் சுமார் 4.5 மில்லிமோல் சோடியம் ஹைட்ராக்சைடு போதும். அப்புறம் டிஎம்எஸ்ஓ சேர்த்து, ஆல்கஹாலையும் நீரையும் மிதமான சூட்டில் ஓட்டிவிட்டு, புகைபோக்கியோடு இணைந்த ஓவனில் வையுங்கள்.

இங்கே அயனிதான் கடிவாளம். டிஎம்ஏ (சூடேற்றியபடி விறைப்பை அளக்கும் சோதனை) எடுத்தால், உலர்ந்த அமில வடிவில் ஆல்ஃபா மாற்றம், அதாவது சங்கிலிகள் தாராளமாக அசையத் தொடங்கும் நிலை, 100 டிகிரியை ஒட்டி வரும். சோடியம் வடிவில் 230-க்கும் மேல் போய்விடும், ஏனென்றால் அயனிக் கொத்துகள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பெரிய டெட்ராபியூட்டைல்அம்மோனியம் அயனியை ஏற்றினால் அந்தப் பிடி தளர்ந்து 60 டிகிரிப் பக்கம் இறங்கும். அதனால்தான் சோடியம் வடிவில் கரைப்பானை அவசரமாக விரட்டக் கூடாது. அது போனதும் சங்கிலிகள் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். சூட்டு அழுத்தியில் வார்ப்பதானால் டெட்ராபியூட்டைல்அம்மோனியம் வடிவுதான் எளிது. ஆனால் மறுபடி அமில வடிவுக்குத் திருப்ப நேரம் பிடிக்கும்.

கேட்டவர்:
சோடியம் வடிவில் செய்து பார்த்தேன். படலம் நன்றாக வளைகிறது, எத்தனால் தண்ணீரில் கரையவும் இல்லை! ஆனால் லேசான பழுப்பு நிறம் இருக்கிறது.

பதில் 2:
அருமை. அது பெரும்பாலும் கரைப்பானின் எச்சம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீரில் அலசி, 0.5 மோலார் கந்தக அமிலத்தில் 80 டிகிரியில் வைத்தால் அமில வடிவும் திரும்பிவிடும். கடைசியாகக் காய்ச்சிவடித்த நீரில் ஒரு கொதி. டிஎம்ஏ எடுக்கும் முன் நன்றாக உலர்த்துங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலே ஆல்ஃபா மாற்றத்தின் உச்சி இடம் மாறிவிடும்.