சிங்கராஜவனம், கித்துல்கல: குளிக்கப் போன இடத்தில் கண்ட பறவைகள்

ஓடைக்கரையான்:
குடாவ வாசல் வழியாகச் சிங்கராஜவன மழைக்காட்டுக்குள் சென்றவர்களுக்கு, பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடித் திரியும் அந்தக் கலப்புப் பறவைக் கூட்டத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. காலை முழுவதும் பிள்ளைகளை வாய் திறக்க விடாமல் நடத்திச் சென்றும் ஒரு காட்டுக்கோழியைத் தவிர வேறெதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அலுத்துப்போய் வெளியே வந்து ஓடையில் இறங்கினோம். சிறுமீன்கள் காலைக் கொத்த மகள் வீறிட்டுக்கொண்டிருந்த அந்த வேளையில்தான் ஆரஞ்சு அலகுச் சிலம்பன்களின் ஓயாத கீச்சொலி மரங்களுக்கிடையே நெருங்கி வந்தது. அவற்றோடு கொண்டைக் கரிச்சான்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு செம்முகப் பூங்குயில், கழுத்தளவு நீரில் நின்ற என் தலைக்கு நேர் மேலே வந்தமர்ந்தது. பைனாகுலர் கரையில், பைக்குள் கிடந்தது. ஆனால், கண்ணைச் சுற்றியிருந்த அந்தச் சிவப்பைக் காண அது தேவைப்படவும் இல்லை. மகளின் சத்தம் அதை ஏன் விரட்டவில்லை என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மலையக வாசகி:
சத்தம் ஒரு பொருட்டல்ல என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள், அண்ணா. சிங்கராஜவனத்தின் கலப்புக் கூட்டங்களை 1981 முதல் ஆராய்ந்து வருகிறார்கள்; ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகளுக்கு மேல் இருக்கும். சிலம்பன்கள் இலைகளைக் கிளறும்போது கிளம்பும் பூச்சிகளுக்காக மற்றவை பின்தொடர்கின்றன. அந்தக் கூட்டம் போகும் வழியில் நீங்கள் நின்றிருந்தீர்கள், அவ்வளவுதான்.

கித்துல்கலவில் ஆற்றைத் தோணியில் கடந்து மாகந்தாவக் காட்டுக்குள் போனபோது, புதருக்குள், காய்ந்த சருகு போலத் தோன்றும் இரவுப் பறவைகளான தவளைவாயன்கள் ஒரு சோடி ஒட்டியபடி உறங்கிக்கொண்டிருந்தன. “அத்தை, அந்தச் சருகு என்னைப் பார்க்குது!” என்று என் தம்பியின் மகன் கத்தினான். உடனே செந்நிறப் பெண் பறவை அலகை மெல்ல வானை நோக்கி உயர்த்தி அப்படியே உறைந்துவிட்டது. எல்லோரும் அதன் துணிவைப் பாராட்டினார்கள். எனக்கோ, அது பறக்காமல் இருந்ததே அச்சத்தால்தான் என்று பட்டது.

நீச்சல் தெரிந்தவன்:
என் கதை சிறியது. களனி கங்கையில் கித்துல்கலவுக்கு அருகே, பாறையொன்றில் அமர்ந்திருந்த வெண்மார்பு மீன்கொத்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாறை சிறுத்துக்கொண்டே வந்தது.

ஆறு ஏறுவது அப்போதுதான் விளங்கியது. வெயில் அடிக்கிறதே என்று நம்பி யாரும் இறங்கக் கூடாது. மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். மின்நிலையத்திலிருந்து நீர் விடப்பட்டிருக்கலாம். இறங்குவதற்கு முன் கரையிலுள்ள ஒரு கல்லை அடையாளமாக வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் அதை மட்டும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அளவு உயரும்வரை காத்திராமல் கரையேறிவிட வேண்டும். மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இது இன்னும் முக்கியம். பறவை பார்ப்பவரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அவருடைய கண் மேலேயே இருக்கும். அட்டைகளுக்காகக் காலில் சவர்க்காரம் பூசுபவர்கள், அந்தக் காலோடு ஓடையில் இறங்கி மீன்களுக்கு அதை ஊட்ட வேண்டாம்.

ஓடைக்கரையான்:
நான் கேட்டது பறவையைப் பற்றி, தம்பி. எங்கள் ஓடைக்கு மேலே மின்நிலையம் எதுவும் இல்லை. மழையைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

இரவுக்காவலன்:
வாசகி அக்கா சொல்வதே சரி. வந்தமர்ந்த பறவையெல்லாம் விரும்பி வந்ததல்ல. 1995இல் கித்துல்கலக் காட்டில் குரலாக மட்டும் அறியப்பட்டு, 2001இல் சிங்கராஜவனத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட செரெண்டிப் ஆந்தைக்காகவே நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். குளித்த தலை துவட்டவும் பொறுக்காமல் அந்தியில் காட்டோரம் நின்றோம். உடன் வந்த வழிகாட்டி, அதன் ஒற்றைக் கூவலைக் கைப்பேசியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். செம்பழுப்பு நிறத்தில் சிறிய ஆந்தையொன்று தாழ்ந்த கிளைக்கு வந்து, தன் எல்லைக்குள் புகுந்த எதிரியைத் தேடித் தலையைத் திருப்பியபடியே இருந்தது. “போதும், நிறுத்தச் சொல்லு,” என்று அம்மா சொன்ன பிறகும் ஒலி நிற்கவில்லை. அப்படி வரவழைத்த பறவையைக் கண்டவற்றின் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. என் அண்ணன் அன்றிரவே சேர்த்துவிட்டார்.