டி.இ.ஏ.பி. கொடுத்த ஜீப்ராமீன் கருவில் துடுப்பு போகிறது, இதயம் ஏன் பெரிதாகவில்லை?

வரிமீன்_28:
வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் (இனி ஆர்.ஏ.) குறைந்தால் இதயத் தசைச் செல்கள் கூடும், மார்புத் துடுப்பு உருவாகாது என்பதைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். ஆர்.ஏ. உற்பத்தியைத் தடுக்க டி.இ.ஏ.பி. 10 மைக்ரோமோலார். காலையில் குழுத்தொட்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டை எடுத்து, அறை வெப்பநிலையில் (25 டிகிரி) பிரித்து, எடுத்ததிலிருந்து 6 மணி கழித்து மருந்து சேர்க்கிறேன். ஆறு குழித் தட்டில் குழிக்கு 60 கரு, 3 மி.லி. ஈ3 (கரு வளர்க்கும் உப்புநீர்).

ஒரு ஈட்டில் ஏறக்குறைய எல்லாக் கருவிலும் துடுப்பு இல்லை. அடுத்த ஈட்டில் பாதிக்கு மேல் துடுப்பு இருக்கிறது, சிறுத்து. 48 மணியில் இதயப்பையில் நீர் கோத்து, இதயம் நூல்போல இழுபட்டு, சாதாரணத்தைவிடச் சிறிதாகத் தெரிகிறது. டி.எம்.எஸ்.ஓ. (மருந்தைக் கரைக்கும் திரவம்) மட்டும் கொடுத்தவை நன்றாக இருக்கின்றன. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா?

எபிபோலி:
அளவைத் தொடுவதற்கு முன் நேரத்தைச் சரிசெய்யுங்கள். "முட்டை எடுத்து 6 மணி" என்பது கருவின் வயதைச் சொல்லாது. பாடநூலில் உள்ள மணிக்கணக்கு எல்லாம் 28.5 டிகிரிக்கானது. மற்ற வெப்பநிலையில் அதே கட்டத்துக்கு வர ஆகும் நேரம் = மணி ÷ (0.055 × வெப்பநிலை − 0.57). 25 டிகிரியில் வகுக்கும் எண் 0.805. அதாவது உங்கள் 6 மணிக் கரு உண்மையில் 4.8 மணிக் கரு, 50% எபிபோலியைக்கூட (செல் போர்வை மஞ்சள் கருவில் பாதிவரை பரவிய கட்டம்) எட்டியிருக்காது. ஒரு மணி நேர இடைவெளியில் சேர்த்த முட்டை என்பதால் அதே குழியில் 50% தாண்டியதும் இருக்கும். இன்குபேட்டரில் வைத்த நாளில் அதே கடிகாரம் அதற்கு அடுத்த ஷீல்டு கட்டத்தைக் காட்டும்.

இந்த வேறுபாடு இங்கே மிகவும் முக்கியம். எத்தனை செல்கள் இதயத்துக்குப் போகும் என்பது காஸ்ட்ருலா காலத்திலேயே (செல் அடுக்குகள் பிரியும் காலம்) பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. 2005-இல் டெபோரா யெலன் குழுவினர் ஆர்.ஏ. ஏற்பியைத் தடுக்கும் மருந்தை 40% எபிபோலியில் கொடுத்துத்தான் கூடுதல் இதயச் செல்களைக் காட்டினார்கள். துடுப்புக்கு ஆர்.ஏ. தேவைப்படும் காலம் அதற்குப் பின்னும், முதல் சில சோமைட்டுகள் (முதுகோரம் வரிசையாக உருவாகும் உடல் கண்டங்கள்) தோன்றும் வரை நீள்கிறது. ஆகவே தாமதமாகக் கொடுத்தால் துடுப்பு பாதிக்கப்படும், இதயச் செல் எண்ணிக்கை அவ்வளவாக மாறாது. இரண்டையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: ஆண் பெண் ஜோடியாக, நடுவே தடுப்பு வைத்து இரவு விடுங்கள். காலையில் தடுப்பை எடுத்து 15–20 நிமிடத்தில் விழும் முட்டையை மட்டும் ஓர் ஈடாக எடுங்கள். நேராக 28.5 டிகிரி. 4.5 மணி முதல் நுண்ணோக்கியில் பாருங்கள்: செல் போர்வையின் விளிம்பு மஞ்சள் கருவில் பாதிவழிக்குச் சற்று மேலே நிற்கும்போது மருந்து. பின்தங்கியவற்றையும் முந்தியவற்றையும் பிப்பெட்டால் எடுத்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து அல்ல, விளிம்பைப் பார்த்துச் சேருங்கள்.

கரைசல்_கணக்கு:
மருந்துப் பக்கமும் ஓட்டை இருக்கிறது. 3 மி.லி.யில் 60 கரு மிக நெருக்கம். 5 மி.லி.க்கு 25–30 போதும். டி.இ.ஏ.பி. ஓர் ஆல்டிஹைடு, காற்றுப்பட்டால் மெல்ல ஆக்சிஜனேற்றமாகி வலுவிழக்கும். 17.7 மி.கி. தூளை 10 மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்தால் 10 மில்லிமோலார். சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து −20 டிகிரியில் இருட்டில் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம்.

கலக்கும்போது 50 மி.லி. ஈ3-யை 28 டிகிரிக்குச் சூடாக்கி, சுழன்றுகொண்டிருக்கும்போதே 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். குளிர்ந்த நீரில் மொத்தமாக ஊற்றினால் வெண்மையாகத் திரிந்து, நுண்ணோக்கியில் ஊசி ஊசியாகப் படிகம் தெரியும். படிகம் தெரிந்தால் உங்கள் 10 மைக்ரோமோலார் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. குழியை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

அளவைக் குறைப்பது பற்றி: கூடாது. நீர் கோத்ததைப் பார்த்து "நச்சுத்தன்மை" என்று நினைக்கிறீர்கள். அது மருந்தின் பக்கவிளைவா, ஆர்.ஏ. இல்லாததன் விளைவா என்று பிரிக்க ஒரே வழி, ஆர்.ஏ.வைத் திருப்பிக் கொடுப்பது. 3 மி.கி. ஆர்.ஏ. ஒரு மி.லி. டி.எம்.எஸ்.ஓ.வில் ஏறக்குறைய 10 மில்லிமோலார். அதை டி.எம்.எஸ்.ஓ.விலேயே ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்து, டி.இ.ஏ.பி. கலந்த 50 மி.லி.யில் 25 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 5 நானோமோலார். 1, 5, 10 மூன்றையும் வைத்துப் பாருங்கள். துடுப்பு திரும்பி வந்து நீரும் குறைந்தால் காரணம் ஆர்.ஏ.தான். 5 நானோமோலாரில் மொத்த டி.எம்.எஸ்.ஓ. 0.15% ஆகிவிடும், அதன் கட்டுப்பாட்டுக் குழிக்கும் அதையே வையுங்கள். ஆர்.ஏ. ஒளியில் சிதையும், மங்கிய விளக்கில் வேலை செய்யுங்கள்.

கைதவறி அளவு கூடினால் தலைகீழாகப் போகும். ஆர்.ஏ. மிகுந்தால் இதயக் குழாய் தமனி முனையிலிருந்து குறைந்துகொண்டே வரும் என்று ஸ்டெய்னியரும் ஃபிஷ்மனும் 1992-லேயே காட்டிவிட்டார்கள்.

வரிமீன்_28:
மிக்க நன்றி. 48 மணியில் இதயத்தின் பரப்பை அளந்துதான் ஒப்பிட்டேன். அது போதாதா?

எபிபோலி:
போதாது, முக்கியமான தவறே அங்குதான். பரப்பு வேறு, செல் எண்ணிக்கை வேறு. நீர் கோத்த பையில் இதயம் இரண்டு பக்கமும் இழுபட்டு, வளையாமல் நேராக நின்றுவிடும். அதில் செல்கள் கூடுதலாகவே இருந்தாலும் பார்வைக்கு நூலாகத்தான் தெரியும்.

உள்ளே நடப்பதை இப்படி நினையுங்கள். உடல் பகுதி மீசோடெர்மில் (கருவின் நடு அடுக்கு) ஏ.எல்.டி.எச்.1ஏ2 நொதி ஆர்.ஏ.வை ஆக்குகிறது, தலைப்பக்கம் சிப்26ஏ1 நொதி அதை அழிக்கிறது. பக்கத்தட்டு மீசோடெர்மில் முன்னால் இதயத்துக்கான புலம், அதற்குப் பின்னால் துடுப்புக்கான புலம். ஆர்.ஏ.தான் இதயப் புலத்தின் பின் எல்லையைப் பிடித்து நிறுத்துகிறது. இந்தத் தடையில் ஒரு பங்கு, துடுப்புப் புலத்தில் ஹாக்ஸ்பி5பி மரபணு வழியாக நடக்கிறது. ஆர்.ஏ. போனால் எல்லை பின்னுக்கு நகரும், துடுப்புக்கான டிபிஎக்ஸ்5ஏ மரபணு இயங்கத் தொடங்காது. அதனால் எல்லையையே பாருங்கள்: 8–10 சோமைட்டுக் கட்டத்தில் இதயப் புலத்தைக் காட்டும் என்கேஎக்ஸ்2.5 மரபணுவுக்கு இன் சிட்டு (மரபணு இயங்கும் இடத்தைச் சாயத்தால் காட்டும் முறை) செய்தால், இருபுறப் பட்டையும் பின்னோக்கி நீண்டிருக்கும். அப்போது நீரும் இல்லை, துடிப்பும் இல்லை, குழப்ப எதுவும் இல்லை.

மருந்து ஒவ்வோர் ஈட்டிலும் எவ்வளவு வேலை செய்தது என்று அறிய, 10 சோமைட்டில் க்ராக்ஸ்20-யும் (பின்மூளையைக் காட்டும் மரபணு) மையோடியும் (சோமைட்டைக் காட்டும் மரபணு) சேர்த்துச் சாயமிடுங்கள். பின்மூளையின் ஐந்தாம் கண்டப் பட்டைக்கும் முதல் சோமைட்டுக்கும் இடையிலான தூரம் ஆர்.ஏ. குறையக் குறையச் சுருங்கும். துடுப்பு இருக்கிறதா இல்லையா என்பதைவிட நுட்பமான அளவுகோல் இது. துடுப்பைப் பார்ப்பதானால் 32 மணியில், கருவின் முதுகு மேலாக: இரண்டு முதல் நான்காம் சோமைட்டுக்கு நேராக மஞ்சள் கருவின் இருபுறமும் சிறு மேடு இருக்க வேண்டும்.

கரைசல்_கணக்கு:
எண்ணுவதற்கு 48 மணியில் எம்.எஃப்.20, எஸ்46 இரண்டு ஆன்டிபாடியும் சேர்த்துப் போடுங்கள். முதலாவது முழு இதயத் தசைக்கும், இரண்டாவது மேலறைக்கு மட்டும். இரண்டும் சுண்டெலியிலிருந்து வந்தவை, ஆனால் ஆன்டிபாடி வகைகளில் எம்.எஃப்.20 ஐஜிஜி2பி வகை, எஸ்46 ஐஜிஜி1 வகை. இவற்றின்மேல் ஒட்டி நிறம் காட்டும் இரண்டாம்நிலை ஆன்டிபாடியை வகைக்கேற்ப வாங்காவிட்டால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். 1% ஃபார்மால்டிஹைடில் ஒரு மணி நேரம் மட்டும் நிலைப்படுத்துங்கள். இரவு முழுவதும் 4%-இல் விட்டால் எஸ்46 மங்கும்.

இதயத் தசைச் செல்லின் உட்கரு டிஎஸ்ரெட் என்ற சிவப்புப் புரதத்தால் ஒளிரும் மீன் வைத்திருந்தால் கவர்ஸ்லிப்பின் கீழ் இதயத்தைத் தட்டையாக அமுக்கி எண்ணலாம். ஒரு எச்சரிக்கை: டிஎஸ்ரெட் முதிர நேரம் பிடிக்கும். தமனி முனையில் கடைசியாகச் சேரும் செல்கள் 48 மணியில் இன்னும் ஒளிராது, எண்ணிக்கையில் விடுபடும். எல்லாக் குழிக் கருவையும் ஒரே கட்டத்தில் எண்ணுங்கள். மருந்து கொடுத்தவை சற்றுப் பின்தங்கியிருந்தால் அவற்றை 48 மணிக்குரிய தோற்றம் வரும்வரை விட்டு எடுங்கள்.