பட்ச் கிளாம்ப்: 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் போகுதில்ல, சீல் பிடிச்சுதா எண்டும் விளங்கல்ல

வாவிக்கரை (மட்டக்களப்பு)
பட்ச் கிளாம்ப் (கலச்சவ்வால போற மின்னோட்டத்தை அளக்கிற முறை) அம்ப்ளிஃபயரில வேலை செஞ்சவங்க ஆராவது இருந்தா உதவுங்க. எங்கட ஆய்வுகூடத்துக்குக் கைமாறி வந்த பழைய செட். சொல்லித்தர ஆளில்ல. கலம் எச்.இ.கே. 293, ஆய்வுகூடத்தில வளக்கிற மனிதக் கல வகை. பிப்பெட் (கலத்தில ஒட்டுற நுனி மெல்லிசான கண்ணாடிக் குழாய்) தடை 4 மெகா ஓம், அது சரி. ஆனா கரைசலுக்குள்ள இறக்கின உடனே திரையில உச்சிக்கு உச்சி 40 பிக்கோஅம்பியர் அலை. ஒரு அலைக்கு 20 மில்லிசெக்கன், அப்ப மெயின் கரண்ட்தான். 5 மில்லிவோல்ட் சோதனைத் துடிப்புக் குடுக்கிறன். பிப்பெட் நுனி கலச்சவ்வில இறுக ஒட்டி 1 கிகா ஓம் சீல் வந்தா 5 பிக்கோஅம்பியர்தானே மிஞ்சும், அதை இந்த அலைக்குள்ள எங்க தேட?

இரைச்சலைத் தடுக்கிற உலோகக் கூண்டு, மைக்ரோஸ்கோப், மேசை எல்லாத்தையும் ஒண்டிலயிருந்து ஒண்டுக்கு வயர் இழுத்து எர்த் பண்ணினன். கூடிப்போச்சு! ஆஃப்செட்டும் (மின்வாயில தன்பாட்டில நிக்கிற வோல்டேஜ்) நிக்குதில்ல, நிமிசத்துக்கு 2 மில்லிவோல்ட் ஓடுது.

கண்ணாடிக்குழாய்
தங்கச்சி, இரைச்சலும் ஆஃப்செட்டும் வேற வேற வருத்தம். ஒண்டாக் குழப்பாதீங்க.

முதல்ல அந்தச் சங்கிலி வயரைக் கழட்டுங்க. அப்பிடிக் கட்டினா எர்த்திலயே வளையம் உண்டாகி, அதுவே கரண்டை இழுக்கும். ஒவ்வொரு சாமானிலயிருந்தும் தனித்தனி வயர், எல்லாம் ஒரே ஒரு புள்ளிக்கு.

மறுகா பிப்பெட்டைப் பிடிக்கிற ஹோல்டரைக் கழட்டி, அம்ப்ளிஃபயரின்ட முன் பெட்டி, வெறும் ஹெட்ஸ்டேஜைப் பாருங்க. சுத்தமா இருந்தா ஹோல்டரைப் பூட்டிப் பாருங்க. பிறகு பிப்பெட், கடைசியா கரைசல். எந்தப் படியில அலை ஏறுதோ கள்ளன் அங்கதான். ஹெட்ஸ்டேஜில கை வைக்க முதல் கூண்டைத் தொடுங்க. உடம்பில நிக்கிற நிலைமின்னே அதைச் சுட்டுப்போடும்.

ஆஃப்செட்டுக்கு மின்வாயா இருக்கிற வெள்ளிக் கம்பியைப் பாருங்க. பளபளண்டு இருக்கா?

ஒலுவில்காரன்
அம்ப்ளிஃபயர் பிளக்கில எர்த் பின்னைக் கழட்டிட்டுப் பாருங்க. எங்கட ஒலிபெருக்கி இரைச்சல் அப்பிடித்தான் போனது.

கண்ணாடிக்குழாய்
தம்பி, உப்புக் கரைசலுக்குள்ள கை வைக்கிற வேலை இது. அந்தப் பின்னைத் தொடவே வேணாம்.

வாவிக்கரை
அண்ணே, பிப்பெட் வரைக்கும் சுத்தம். கரைசலைத் தொட்டாத்தான் அலை. இன்னொண்டு: நேற்றுப் பின்னேரம் கரண்ட் போனது, அம்ப்ளிஃபயரும் கணினியும் யூபிஎஸ்ல ஓடினது. அந்தப் பத்து நிமிசமும் கோடு நூல் மாதிரி நேரா நிண்டது!

கம்பி பளபளண்டுதான் இருக்கு. பிளீச்சில 20 நிமிசம் போட்டனான், நிறம் மாறல்ல.

கண்ணாடிக்குழாய்
அப்ப அம்ப்ளிஃபயரில பிழையில்ல. அறையில ஓடுற வேற ஏதோ கரைசல் வழியா வருகுது. கரைசல் குழாய் கூண்டுக்கு வெளிய போகுதா?

பிளீச் எப்ப திறந்தது? இஞ்சத்த வெக்கைக்குத் திறந்த போத்தல் கெதியாச் செத்துப்போகும். புதுசு வாங்கி, கம்பியை உரசித் துடைச்சிட்டுப் போடுங்க. கரும் சாம்பல் நிறம் வரவேணும். வெள்ளி குளோரைட்டுப் படியாட்டி ஆஃப்செட் நிக்காது.

வாவிக்கரை
போத்தல் போன வருசத்தது, வெக்கமாக் கிடக்கு. குழாய் ஓம், போத்தல் வெளிய ஏசிக்குப் பக்கத்தில தொங்குது.

கண்ணாடிக்குழாய்
அதான் அன்டெனா. உப்புத்தண்ணி நிறைஞ்ச குழாயும் வயரும் ஒண்டுதான். ஃபார்மசியில சேலைன் ஏத்துற செட் ஒண்டு வாங்கி, அதின்ட சொட்டு அறையைக் கூண்டுக்குள்ள வாற மாதிரி பூட்டுங்க. சொட்டுச் சொட்டா விழேக்க தண்ணித்தொடர் அறுந்துபோகும். உறிஞ்சிற குழாயையும் மறக்காதீங்க.

சீல் இளகி இருந்தா அதுவும் தன்பாட்டில இரைச்சல் போடும். இந்த முறையைக் கண்டுபிடிச்ச நேஹரும் சாக்மனும் 1976ல கலச்சவ்வில உள்ள தனி அயன் வாய்க்கால் ஒண்டின்ட மின்னோட்டத்தைப் பதியேக்க சீல் 100 மெகா ஓமுக்கும் கீழதான். கிகா ஓம் பிறகுதான் வந்தது. அதை வச்சு எப்பிடி எடுத்தாங்களோ!

வாவிக்கரை
சொட்டு அறை பூட்டினன், அலை 3 பிக்கோஅம்பியருக்கு இறங்கிட்டு. கம்பியும் கறுத்திட்டு. ஆஃப்செட் அசையல்ல. இண்டைக்கு முதல் சீல், 1.8 கிகா ஓம்! கத்தினதில பக்கத்து அறையில இருந்து ஓடி வந்துட்டாங்க. ஆனா அடுத்த மூண்டு கலமும் 200 மெகா ஓமில நிண்டிட்டு.

கண்ணாடிக்குழாய்
பிப்பெட் கரைசலை 0.22 மைக்ரோன் ஃபில்டரில வடிச்சீங்களா? இறக்கேக்க காத்தமுக்கம் குடுக்கிறீங்களா?

வாவிக்கரை
அமுக்கம் குடுக்கிறன். வடிக்கல்ல. நாளைக்கு வடிச்சிட்டு வாறன்.